சீட்டில்லாத சிப்பி மூட்டைகள்

14

5126ஆம் அறைக் கதவில் சிவப்பு அட்டை தொங்கியது. தொந்தரவு செய்ய வேண்டாமாம்.

ஜெமலின் தள்ளுவண்டியை நிறுத்தினாள். லோமன் தம்பதி கப்பலேறிய இந்தப் பத்து நாட்களில் ஒருமுறைகூட அந்த அட்டையை மாட்டியதில்லை. காலை எட்டு மணிக்கெல்லாம் இருவரும் உடுத்திக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். போகும்போது படுக்கையைப் பாதி மடித்துவைத்துவிட்டுத்தான் போவார்கள். வேலைக்கு வருகிறவள் தங்கள் அலங்கோலத்தைப் பார்ப்பதில் அந்த வயதான ஜெர்மானியர்களுக்கு ஒரு கூச்சம்.

மணி ஒன்பதரை. அடுத்த அறைக்குப் போயிருக்கலாம். அட்டை தொங்கினால் தட்டக்கூடாது என்பதுதான் விதி. ஆனால் கதவின் அடியிலிருந்து ஒரு வாடை வந்தது. பதினேழு வருடம் மற்றவர்களின் குளியலறைகளைத் துடைத்தவளுக்கு அந்த வாடையை அடையாளம் காண இரண்டாவது மூச்சு தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரேயுஸ் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்தே அவள் மனம் ஓரிடத்தில் இல்லை. கைகள் ஐந்தாம் தளத்தில் தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தன. மனம் நீர்மட்டத்துக்குக் கீழே, தம்பி ரோடெலின் சரக்கறையில் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் பூட்ஸுக்குள் ஒரு வெள்ளை உறை இருந்ததை அவன் மனைவி ஜோவெலின்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். உள்ளே யூரோ நோட்டுகள். கேட்டதற்கு, "ஒரு பயணி கொடுத்த டிப்ஸ்" என்றானாம்.

ஜோவெலின் நம்பினாள், அல்லது நம்பியதாகச் சொன்னாள். ஜெமலினால் அது முடியவில்லை. சரக்கறைக்காரனைப் பயணிகள் யாரும் பார்ப்பதே இல்லை. அப்படி ஒருவன் கப்பலில் இருக்கிறான் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அதனால்தானே பயணம் முடிகிற ஒவ்வொரு சனிக்கிழமையும் மேல்தளத்துக்காரர்கள் தங்கள் டிப்ஸில் ஒரு பங்கைக் கீழே இருக்கும் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கிறார்கள். பலாதோ என்று அதற்குப் பெயர். எட்டு வருடமாகத் தம்பிக்குப் பலாதோ கொடுத்துவருபவள் அவள்.

விதியை மீறித் தட்டினாள். கதவு ஒரு கையளவு திறந்தது. திருமதி லோமன் எட்டிப் பார்த்தாள். எண்பது வயதுக்காரி. தலை வாராமல் அவளை ஜெமலின் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"நீதானா ஜெமா. உள்ள வா. சீக்கிரம் கதவைச் சாத்து."

அறைக்குள் விளக்கு எரியவில்லை. எர்வின் லோமன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். குளியலறைத் துண்டுகள் எல்லாம் தரையில் சுருண்டு கிடந்தன. திருமதி லோமன் அவற்றைத் தானே அலசிப் பார்த்திருக்கிறாள்.

"எத்தனை தடவை மேடம்?"

"ராத்திரி நாலு. விடிஞ்சப்புறம் ரெண்டு. எனக்கு ஒண்ணும் இல்ல. அவருக்குத்தான்."

ஜெமலினின் கண் சுவரிலிருந்த தொலைபேசிக்குப் போனது. இரண்டு தடவைக்கு மேல் என்றால் உடனே மருத்துவ அறைக்குச் சொல்ல வேண்டும். துணிகளைச் சிவப்புப் பையில் கட்ட வேண்டும். அறையை அவள் தொடக்கூடாது, அதற்கென்று முகமூடி போட்ட ஆட்கள் வருவார்கள். உள்ளே இருப்பவர்கள் இரண்டு நாள் வெளியே வரக்கூடாது.

அவள் பார்வை போன திசையைத் திருமதி லோமனும் பார்த்தாள்.

"வேண்டாம் ஜெமா."

"மேடம், நான் சொல்லியே ஆகணும்."

"நாளைக்கு மால்டா, வாலெட்டா துறைமுகம். என் பொண்ணு அங்க வந்து நிப்பா. பதினொரு வருஷம் ஆச்சு அவளைப் பாத்து. கல்யாணத்துக்கு இவர் வரமாட்டேன்னுட்டார், அதோட பேச்சு நின்னுபோச்சு. இப்பத்தான், போன மாசம், அவளே போன் பண்ணினா." அவள் எர்வினைப் பார்த்தாள். "எங்களைப் பூட்டி வெச்சா அவ கரையில நின்னு பாத்துட்டுப் போயிடுவா. அப்பா மறுபடியும் வரலன்னு நினைச்சுப்பா. இவருக்கு இன்னொரு பதினொரு வருஷம் இல்ல."

கட்டிலிலிருந்து எர்வின் ஏதோ முணுமுணுத்தார். தண்ணீர் கேட்டார் போலிருந்தது.

"நேத்து என்ன சாப்பிட்டார்?"

"கடலுணவு விருந்துதானே. சிப்பி. ரெண்டு தட்டு சாப்பிட்டார். நான் தொடல, எனக்கு அதோட வழவழப்பு ஆகாது."

ஜெமலின் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். அதை எர்வினின் கைக்கெட்டும் இடத்தில் வைத்தாள்.

திருமதி லோமன் அவள் உள்ளங்கையில் எதையோ வைத்து விரல்களை மூடினாள். மடித்த நூறு யூரோ நோட்டுகள், இரண்டு.

"இது டிப்ஸ். வேற எதுவும் இல்ல. சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கோ. அதுக்குள்ள அவருக்குச் சரியாயிடும்."

அதைத் திருப்பித் தந்திருக்க வேண்டும். ஜெமலின் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தாள். பணத்தின் மேல் அப்போது அவளுக்கு ஆசை வரவில்லை. வந்திருந்தால்கூடப் பரவாயில்லை, அது எல்லோருக்கும் வருகிற ஆசை. அவளுக்கு வந்தது நிம்மதி. சொல்லாமல் இருக்க இன்னொருத்தி ஒரு காரணம் கொடுத்துவிட்டாளே என்கிற நிம்மதி.

சிப்பி என்ற சொல்லைக் கேட்டதுமே அவளுக்கு அந்த வெள்ளை உறை ஞாபகம் வந்துவிட்டது. உறையின் மூலையில் பிரேயுஸ் மீன் வியாபாரி ஒருவரின் முத்திரை இருந்தது என்று ஜோவெலின் சொல்லியிருந்தாள்.

"பதினொரு மணிக்கு வந்து பாக்கறேன் மேடம். தண்ணி கொடுத்துக்கிட்டே இருங்க."

நோட்டுகள் ஏப்ரன் பைக்குள் போயின. நேரம் ஒன்பது நாற்பது.

அன்று கடல் நாள். கரை எதுவும் கிடையாது. கிரேக்கத் தீவுகளை விட்டு மால்டாவை நோக்கிக் கொராலிண்டா கப்பல் நாள் முழுக்கத் தண்ணீரிலேயே போகும். கடல் நாளில் பயணிகள் குளத்தோரம் படுத்துக் கிடப்பார்கள், அறைகள் காலியாக இருக்கும். ஆனால் அவளுடைய பதினான்கு அறைகளில் நான்கில் இன்று சிவப்பு அட்டை தொங்கியது.

5131இல் இருந்த ஸ்பானியப் பெண் கதவைத் திறக்காமலே, "துண்டு மட்டும் கொடுங்க, நிறைய" என்றாள்.

ஜெமலின் துண்டுகளைக் கொடுத்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும்.

பத்தரை மணி இடைவேளைக்கு அவள் தேநீர் குடிக்கப் போகவில்லை. பணியாளர் படிக்கட்டில் கீழே இறங்கினாள். கம்பளம் முடிந்து இரும்புத் தரை தொடங்கும் இடத்தில் காற்றே மாறிவிடும். வாசனைத் திரவியம் போய் எண்ணெயும் சோப்பும் வெந்நீர் ஆவியும் வரும். சலவை அறையில் ஜோவெலின் முழங்கைவரை ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, மூக்கில் துணி கட்டியிருந்தாள்.

"ஏன்டி இந்தக் கோலம்?"

"நீயே பாரு மானாங்."

ஊரில் அக்காவையும் மூத்த நாத்தனாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பிலிப்பைன்ஸில் இருக்கும் இலோய்லோவை விட்டு வந்து எத்தனை கடல் கடந்தாலும் ஜோவெலின் வாயில் அந்த மானாங் மாறவில்லை.

அவள் ஒரு வெள்ளைப் பையின் வாயைப் பிரித்துக் காட்டினாள். ஜெமலின் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எந்தத் தளம்?"

"இது ஆறு. அந்த மூணு பையும் எட்டு. அதோ, அது ஏழு. எல்லாம் சாதாரணப் பையில வருது. ஒண்ணுகூடச் சிவப்புல வரல."

"எத்தனை அறை?"

"பதினொண்ணு வரைக்கும் எண்ணினேன். அப்புறம் எண்ணறதை விட்டுட்டேன்."

இயந்திரங்கள் சுழன்றுகொண்டிருந்தன. ஜெமலினுக்குக் காது அடைத்தது போலிருந்தது. அவள் ஒருத்தி மட்டும்தான் மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொருத்தியின் உள்ளங்கையை யாரோ மூடியிருக்கிறார்கள். நாளைக்கு வாலெட்டா. எல்லோருக்கும் கரையில் இறங்க வேண்டும். எல்லோரும் கொஞ்சம் கொடுத்தார்கள், எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். அதனால் இந்தக் கப்பலில் எத்தனை பேர் நோயாய்க் கிடக்கிறார்கள் என்று மருத்துவ அறைக்குத் தெரியாது. கேப்டனுக்குத் தெரியாது. சலவைக்காரிக்கு மட்டும்தான் தெரியும்.

"நீ ஏன் சொல்லல?"

"நான் சொன்னா எந்த அறைன்னு கேப்பாங்க. அந்த அறை யாருதுன்னு பாப்பாங்க. எல்லாம் நம்ம ஊர்ப் பொண்ணுங்க மானாங். யார் சோத்துல நான் மண்ணு போடறது?" ஜோவெலின் பையைக் கட்டினாள். பிறகு நிமிராமலே கேட்டாள். "நீ சொல்லிட்டியா?"

ஜெமலின் சுழலும் இயந்திரத்தையே பார்த்தாள். இளையவள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள்.

"சிப்பியாலன்னு பேசிக்கறாங்க," என்றாள் மெல்ல. "மானாங், அந்த உறையில போட்டிருந்த பேரு..."

"தெரியும்."

"அவன்கிட்ட நீ கேளு. நான் கேட்டா சிரிச்சு மழுப்பிடுவான். உன் முகத்தைப் பாத்துப் பொய் சொல்ல அவனுக்கு இன்னும் வராது."

சரக்கறை அதற்கும் ஒரு தளம் கீழே. ரோடெல் பஞ்சு வைத்த ஜாக்கெட் போட்டுக்கொண்டு பால் பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. இருபத்தொன்பது வயதிலும் அவன் சிரித்தால் முன்பல் ஒன்று சற்றே ஏறி நிற்கும்.

"வா வா மானாங். மேல யானை எல்லாம் செஞ்சு முடிச்சாச்சா?"

துண்டை மடித்து யானையும் குரங்கும் செய்து படுக்கையில் வைப்பதைச் சொல்கிறான். அது அவனுடைய பழைய கேலி.

"நீ துண்டுல யானை செஞ்சா இருபது யூரோ. நான் நாலு டன் உருளைக்கிழங்கு தூக்கினா முதுகுவலி. நல்ல கப்பல் இது."

"தோத்தோ," என்றாள். தம்பியை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "பிரேயுஸ்ல ஏத்தின சிப்பி மூட்டைக்குச் சீட்டு இருந்துச்சா?"

அவன் பால் பெட்டி ஒன்றை நகர்த்தினான். நகர்த்த வேண்டிய அவசியம் இல்லாத பெட்டி.

"இருக்கு. ஃபைல்ல இருக்கு. வேணும்னா பாரு."

"ஃபைல்ல இருக்கும். மூட்டையில இருந்துச்சான்னு கேட்டேன்."

சிப்பி மூட்டை ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு கட்டியிருக்கும். எந்தக் கடலில், எந்தத் தேதியில் எடுத்தது, யார் எடுத்தது என்று. சீட்டில்லாத மூட்டையைக் கப்பலில் ஏற்றக்கூடாது. மூட்டை தீர்ந்த பிறகும் சீட்டை மாதக்கணக்கில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். யாருக்காவது உடம்புக்கு வந்தால் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். சரக்கறை வேலைக்கு வந்த முதல் வாரத்தில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று ரோடெலே ஒருகாலத்தில் அவளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

அவன் கையுறையைக் கழற்றினான்.

"லாரி கடைசி நேரத்துல வந்துச்சு. சரக்கு ஏத்தற கதவைச் சாத்த இன்னும் இருபது நிமிஷம். பத்து மூட்டை. ஒண்ணுலயும் சீட்டு இல்ல. 'நாளைக்கு மெயில்ல அனுப்பறேன், இப்ப ஏத்திக்கோ'ங்கறான் அந்த ஆள். மேல ஷெஃப் கத்தறான், திங்கக்கிழமை விருந்துக்குச் சிப்பி எங்கன்னு. நான் திருப்பி அனுப்பியிருந்தா ஷெஃப் என்னையே வேகவெச்சுப் பரிமாறியிருப்பான்."

"அதனால?"

"இத்தாலில, ட்ரியெஸ்தேல வாங்கின பழைய மூட்டைங்களோட சீட்டு ஃபைல்ல இருந்துச்சு. அதை எடுத்துக் கட்டினேன். தேதியைக் கொஞ்சம் மாத்தி." குரல் தாழ்ந்தது. "சிப்பி பாக்க நல்லாத்தான் இருந்துச்சு மானாங். நான் மோந்துகூடப் பாத்தேன்."

"அப்புறம் அந்த ஆள் உறையைக் கொடுத்தான்."

"ஆமா."

"அதைத்தான் டிப்ஸுன்னு ஜோவெலின்கிட்ட சொன்ன."

"டிப்ஸ்தான்."

"தோத்தோ."

"டிப்ஸ் இல்லாம அது என்ன?" அவன் குரல் ஏறியது. "எட்டு வருஷமா நீ எனக்குப் பலாதோ கொடுக்கற. யாரோ உனக்குச் சிரிச்சுக்கிட்டே கொடுத்ததுல பாதியை எடுத்து நீ எனக்குச் சிரிச்சுக்கிட்டே கொடுக்கற. நானும் வாங்கிக்கறேன். வாங்கும்போதெல்லாம் எனக்கு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா? அந்த ஆள் என் கையைப் பிடிச்சான். என் பேரைக் கேட்டான். 'ரோடெல், நல்லா வேலை செய்யற, காபி குடி'ன்னு சொல்லிக் கொடுத்தான். எனக்குன்னு ஒருத்தன் கொடுத்தது அதான் முதல் தடவை."

குளிரறை விசிறி இரைந்துகொண்டிருந்தது. ஜெமலின் ஏப்ரன் பையின் மேல் கையை வைத்தாள். வைத்ததை அவன் பார்த்துவிடுவானோ என்று எடுத்துக்கொண்டாள்.

அவனை எந்த வாயால் கேட்பது? ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. தான் கொடுத்தது இவனுக்கு இப்படி இருந்திருக்கிறதா? எட்டு வருடம், ஒவ்வொரு சனிக்கிழமையும். தம்பி வாங்கிக்கொண்ட விதத்தை அவள் நன்றி என்று நினைத்திருந்தாள்.

"மேல ஆளுங்க வாந்தியெடுக்கறாங்க," என்றாள். "பதினோரு அறைக்கு மேல. என் அறையில ஒரு பெரியவர் ரொம்ப மோசமா இருக்கார்."

ரோடெலின் முகத்தில் இருந்த கோபம் வடிந்தது. அதற்குக் கீழே இருந்தது சிறுவன் முகம்.

"சிப்பியாலன்னு யார் சொன்னா?"

"யாரும் இன்னும் சொல்லல. சொல்லுவாங்க. நீ முந்திக்கோ. நீயே மருத்துவ அறைக்குப் போ. சீட்டு தப்புன்னு சொல்லு."

"சொன்னா நாளைக்கு வாலெட்டால என்னை இறக்கிவிட்டுடுவாங்க. மணிலா ஏஜென்சியில என் பேரைக் கறுப்புப் பட்டியல்ல போடுவாங்க. என்னைச் சேத்துவிட்டது நீ. ஜோவைச் சேத்துவிட்டது நீ. மூணு பேர் வேலையும் ஒரே கையெழுத்துல தொங்குது மானாங். உன் கையெழுத்துல."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்லச் சொல்ற?"

"மிச்சம் எத்தனை மூட்டை இருக்கு?"

"நாலு."

"அதைத் தொடாத. டாக்டர் பாக்கணும். மூணு மணி வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன். அதுக்குள்ள நீ போயிடு. தானா வந்து சொன்னவனுக்குத் தண்டனை குறையும்."

அவன் சரி என்று தலையை ஆட்டினான். ரொம்ப நேரம் ஆட்டினான்.

படியேறும்போது அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், தம்பிக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன் என்று. இரண்டாவது படிக்கட்டுத் திருப்பத்திலேயே அது பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று மணி வரைக்குமான அவகாசம் அவளுக்கும் சேர்த்துத்தான்.

பதினோரு மணிக்கு 5126இல் எர்வின் தூங்கிக்கொண்டிருந்தார். தூக்கமா மயக்கமா என்று அவளால் சொல்ல முடியவில்லை. "நல்லாத் தூங்கறார் பாரு," என்றாள் திருமதி லோமன். மகளுக்குக் கொண்டுபோகும் பரிசை மடியில் வைத்து மறுபடி மறுபடி காகிதம் சுற்றிக்கொண்டிருந்தாள். சின்ன வெள்ளிக் கரண்டி. பேரக் குழந்தைக்காம். அவள் இன்னும் பார்க்காத பேரக் குழந்தை.

பன்னிரண்டரைக்கு ஜெமலின் மறுபடி போனாள். எர்வின் கண் விழித்திருந்தார். அவளை யாரோ ஒரு இங்க்ரிட் என்று கூப்பிட்டார்.

"மேடம், போன் பண்ணிடறேன்."

"சாயங்காலம்னு சொன்னியே."

அவள் அப்படிச் சொல்லவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டதைத்தான் அந்தக் கிழவி சொன்னதாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஜெமலின் வெளியே வந்து நடைபாதைச் சுவரில் சாய்ந்துகொண்டாள். மேல்தளத்தில் யாரோ நடனப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். கூரை வழியாகத் தாளம் இறங்கியது, நூறு கால்கள் ஒரே நேரத்தில். அவற்றில் எத்தனை கால்கள் இன்று ராத்திரி படுத்துவிடும் என்று ஒரு எண்ணம் வந்தது. அதைத் துரத்த முடியவில்லை.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு அவள் தட்டாமலே உள்ளே போனாள்.

திருமதி லோமன் நாற்காலியில் உட்கார்ந்தவாக்கில் கண்ணயர்ந்திருந்தாள். ஜெமலின் எர்வினின் கையைத் தொட்டாள். ஈரத்துணி போல் சில்லிட்டிருந்தது. நகக்கண்களில் நீலம் பாரித்திருந்தது. கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை.

மூன்று மணி ஆக இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது.

அவள் ஏப்ரன் பையிலிருந்த நோட்டுகளை எடுத்துக் கட்டிலோர மேசையில் வைத்தாள். காகிதச் சத்தத்துக்கே அந்த அம்மாள் விழித்துக்கொண்டாள்.

"அது உனக்குக் கொடுத்தது ஜெமா."

"தெரியும் மேடம்."

"இன்னும் கொஞ்ச நேரம்..."

"உங்க பொண்ணு அப்பாவை உயிரோட பாக்கணும் மேடம்," என்று சொல்லிவிட்டு ஜெமலின் தொலைபேசியை எடுத்தாள்.

டாக்டர் யெலென்கா நான்கு நிமிடத்தில் வந்துவிட்டார். குரோஷியாக்காரர், உயரமானவர், அதிகம் பேசாதவர். பின்னால் முகமூடி போட்ட இருவர். ஊசி போட்டார்கள், குழாய் மாட்டினார்கள். எர்வினின் முகத்தில் ஒருவன் பிராணவாயு மூடி வைத்தான். திருமதி லோமன் மூலையில் கரண்டிப் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன சாப்பிட்டார்?"

"சிப்பி," என்றாள் ஜெமலின், அந்த அம்மாள் வாயைத் திறப்பதற்குள்.

டாக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"சரக்கறையில இன்னும் நாலு மூட்டை இருக்கு டாக்டர். எடுத்துப் பாத்தா என்னன்னு தெரியும்."

டாக்டர் சுவர்த் தொலைபேசியில் கீழே பேசினார். கேட்டார். மறுபடியும் கேட்டார். வைத்துவிட்டு வந்தார்.

"மூட்டை எதுவும் இல்லை. கெட்டுப்போனதுன்னு எழுதி எரியுலைக்கு அனுப்பியாச்சாம். பதினொண்ணே காலுக்கு."

பதினொன்றே கால். ஜெமலின் மேலே வந்து சேர்ந்து கால்மணி நேரம்தான் ஆகியிருக்கும். அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தானே, அப்போதே முடிவு பண்ணிவிட்டிருக்கிறான். அவள் கொடுத்த அவகாசத்தையும் அவன் வழக்கம்போல் வாங்கிக்கொண்டுவிட்டான்.

"சீட்டு மட்டும் இருக்காம்," டாக்டர் தொடர்ந்தார். "ட்ரியெஸ்தே சரக்கு. அந்தக் கடல் சுத்தமானது, அங்கேருந்து வந்ததுல ஒருநாளும் குறை வந்ததில்லை. அப்ப சிப்பி காரணமா இருக்க வாய்ப்பு குறைவு. தண்ணீர்த் தொட்டியிலேருந்து ஆரம்பிக்கணும்." அவர் பெருமூச்சு விட்டார். "அதுக்கே நாளைக்குக் காலை ஆயிடும். எதை எதிர்த்து மருந்து கொடுக்கறோம்னு தெரியாம இந்த மனுஷருக்கு நான் என்ன கொடுக்கறது?"

கட்டிலில் எர்வினின் மார்பு ஏறி இறங்கியது. ஒவ்வொரு முறை இறங்கிய பிறகும் சற்று நேரம் அப்படியே நின்றது.

தம்பியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது தகப்பன் இடத்தில் கையெழுத்துப் போட்டவள் அவள். கப்பலுக்கு விண்ணப்பித்தபோது ஜாமீன் இடத்தில் போட்டவளும் அவள். இப்போதும் ஒரு கையெழுத்துத்தான் கேட்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

"அந்தச் சீட்டு பொய் டாக்டர். அது பழைய மூட்டையோடது. இந்தச் சிப்பி பிரேயுஸ்ல ஏத்தினது. எந்தக் கடல்னு யாருக்கும் தெரியாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சீட்டைக் கட்டினது என் தம்பி. ரோடெல். சரக்கறையில இருக்கான்."

முகமூடிக்காரர்களில் ஒருவன் நிமிர்ந்தான். அவனும் இலோய்லோ பக்கத்துக்காரன்தான். அவன் கண்களை ஜெமலின் பார்க்கவில்லை.

டாக்டர் அறைக்கு வெளியே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். கையில் ஒரு காகிதம், அதில் கட்டங்கள்.

"இது எனக்குக் கட்டாயம் வேணும். உண்மையைச் சொல்லுங்க. இந்த அறையில நோய் இருக்குன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

இரண்டு மணி பத்து என்று சொல்லலாம். சொன்னால் யாரும் மறுக்கப்போவதில்லை. திருமதி லோமன்கூட மறுக்கமாட்டாள். அந்த அம்மாளுக்கும் அதுதான் நல்லது.

"காலையில," என்றாள் ஜெமலின். "ஒன்பது நாற்பதுக்கு."

டாக்டர் எழுதினார்.

"இன்னும் பத்துப் பன்னிரண்டு அறை இருக்கு டாக்டர். ஆறு, ஏழு, எட்டுத் தளத்துல. யாரும் சொல்லமாட்டாங்க. சலவை அறையில கேளுங்க."

அதையும் எழுதிக்கொண்டார்.

கூரையில் இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. மேலே நடனத் தாளம் நின்றது. சரக்கறைப் பணியாளர் ரோடெல் உடனே மருத்துவ அறைக்கு வரவும் என்று ஒரு ஆண்குரல் அமைதியாகச் சொன்னது. பேப்பரைப் பார்த்துப் படிப்பது போன்ற குரல்.

மூன்று நிமிடம் கழித்து மறுபடியும் அதையே சொன்னது.

மூன்றாவது முறை அழைப்பு வந்தபோது பணியாளர் கதவைத் தள்ளிக்கொண்டு ஜோவெலின் நடைபாதையில் ஓடிவந்தாள். அந்தக் கம்பளத்தில் சலவைக்காரிகள் கால் வைக்கக்கூடாது. கையுறையைக்கூடக் கழற்றவில்லை, சோப்பு நீர் சொட்டிக்கொண்டே வந்தது.

"மானாங், அவன் உன்கிட்ட வந்தானா?"

"இல்லையே."

"சரக்கறை திறந்து கிடக்கு. உள்ள ஆள் இல்ல. எங்க அறையில இல்ல. எல்லா இடமும் பாத்துட்டேன்." ஜோவெலின் மூச்சுக்கு நின்றாள். "எரியுலைக்காரன் சொல்றான், மூட்டையைப் போட்டுட்டு ரொம்ப நேரம் நெருப்பையே பாத்துக்கிட்டு நின்னானாம். அப்புறம் பின்தளத்துக்கு எந்தப் பக்கம் ஏறணும்னு கேட்டானாம்."

எட்டு வருடம் இந்தக் கப்பலில் வேலை பார்த்தவனுக்குப் பின்தளத்துக்கு வழி தெரியும். எதற்கு என்று யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் கேட்டிருப்பான், அங்கே கம்பிக்கு அப்பால் கடல்தான்.

ஜெமலின் ஓடத் தொடங்கினாள்.